திவால் ஏலத்தில் மாதிரி ரயில் வாங்கலாமா? வேலூர்ப் பக்கத்து ரயில் பிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து நம்ம வாலாஜா ரோடு வரைக்கும்தான் திறக்கப்பட்டது. இன்றைக்கும் காட்பாடி, அரக்கோணம், ஜோலார்பேட்டை என்று பெரிய சந்திப்புகளுக்கு நடுவில்தான் வாழ்கிறோம். இங்கே ரயில் மேல் ஆசை வர தனியாகக் காரணம் தேட வேண்டாம். அந்த ஆசை மேசை மேல் ஓடும் சின்ன ரயிலுக்குத் தாவும்போது, புது எஞ்சின் விலை முகத்தில் அறைகிறது. அப்போதுதான் மூடப்பட்ட கடைகள், நொடித்துப்போன கம்பெனிகளின் சரக்கு ஏலத்துக்கு வருகிறது என்ற செய்தி கண்ணில் படும். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர்ப் பக்கத்து நண்பர்கள் இதைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றைச் சேர்த்து, விடையோடு இங்கே தருகிறேன்.

திவால் ஏலம் என்றால் என்ன? மற்ற ஏலத்திலிருந்து எப்படி வேறுபடுகிறது?

கடனை அடைக்க முடியாமல் ஒரு கம்பெனி மூடப்படும்போது, அதன் சொத்தை விற்றுக் கடன்காரர்களுக்குப் பங்கிட லிக்விடேட்டர் ஒருவரை நியமிப்பார்கள். அவருக்கு ரயில் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. கிடங்கில் இருக்கும் மேசை, கம்ப்யூட்டர், இரும்பு அலமாரி வரிசையில் ரயிலும் ஒரு சரக்கு. அது சீக்கிரம் காசாக வேண்டும், அவ்வளவுதான். அதனால் "ரயில் சாமான்கள், ஒரு பெட்டி" என்று ஒற்றை வரியில் லாட் (ஒன்றாக ஏலம் விடும் தொகுப்பு) விவரம் முடிந்துவிடும். இரண்டு மங்கலான படம் இருந்தாலே பெரிய விஷயம்.

சேகரிப்பாளர்களுக்கான ஏலம் அப்படி இல்லை. இங்கிலாந்தின் வெக்டிஸ், அமெரிக்காவின் ஸ்டவுட் போன்ற ஏல நிறுவனங்களில் பொருள் தெரிந்தவர்கள் ஒவ்வொன்றையும் பார்த்து, எங்கே கீறல், எந்தப் பாகம் மாற்றப்பட்டது என்று எழுதுவார்கள். விலையும் சந்தை விலையை ஒட்டியே போகும். திவால் ஏலத்தில் விலை குறைவாக முடிவதற்கும் ஏமாந்துபோவதற்கும் காரணம் ஒன்றே: விற்பவருக்குப் பொருள் தெரியாது. உங்களுக்குத் தெரிந்தால் லாபம். இல்லாவிட்டால் அந்த ஏலம் உங்களுக்கானதல்ல என்று நான் உறுதியாகச் சொல்வேன். முதல் எஞ்சினை அங்கே வாங்காதீர்கள்.

பெரிய கம்பெனிகள் திவாலானபோது அவற்றின் சரக்கெல்லாம் இப்படி ஏலத்துக்கு வந்ததா?

பெரும்பாலும் இல்லை. ஜெர்மனியின் மாதிரி ரயில் கம்பெனியான மெர்க்லின் 2009 பிப்ரவரியில், தன் 150-ஆவது ஆண்டில், திவால் மனு கொடுத்தது. ஆனால் தொழிற்சாலை தொடர்ந்து ஓடியது. 2013-ல் சிம்பா டிக்கி குழுமம் அதை வாங்கியது. அமெரிக்காவின் லயனல் 2004-ல் நீதிமன்றப் பாதுகாப்புக்குப் போய் 2008-ல் மீண்டு வந்தது. இத்தாலியின் லீமா மூடப்பட்டபோது ரிவரோசி, ஷூவெஃப், ஆர்னோல்ட் பெயர்களையும் வார்ப்பு அச்சுகளையும் சேர்த்து இங்கிலாந்தின் ஹார்ன்பி 2004-ல் எடுத்துக்கொண்டது. பெரிய பெயருக்கும் அச்சுக்கும் வாங்குகிற ஆள் எப்போதும் உண்டு.

நம் கைக்கு எட்டுவது வேறு வகை. நொடித்துப்போன சில்லறைக் கடையின் கையிருப்பு, இறக்குமதியாளரின் கிடங்கு, சின்ன உற்பத்தியாளரின் வடிவமைப்பு அலுவலகம், ஷோரூமில் ஓடிக்கொண்டிருந்த காட்சி ரயில், உதிரிபாகப் பெட்டிகள் போன்றவைதான் சில்லறையாக உடைத்து விற்கப்படும். இவற்றில் கவனிக்க வேண்டிய ஒன்று, வாடிக்கையாளர்கள் பழுது என்று திருப்பிக் கொடுத்த சரக்கு. புது டப்பாவில்தான் இருக்கும், உள்ளே ஓடாத எஞ்சின் இருக்கும். கடை மூடும் காலத்தில் ரிப்பேர் செய்து அனுப்ப ஆள் இருந்திருக்காது. ஒரே மாடல் ஏழெட்டு டப்பா திறந்த நிலையில் ஒரே லாட்டில் வந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

முன்மாதிரி என்று விற்கிறார்களே, அது உண்மையில் என்ன?

ஆம்பூர் ஷூ கம்பெனிக்காரர்களிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் புரியவைத்துவிடுவார்கள். ஆர்டர் உறுதியாகும் முன் சாம்பிள் போகும், திருத்தம் வரும், அடுத்த சாம்பிள் போகும். மாதிரி ரயிலிலும் அதே கதைதான்.

முதலில் கம்ப்யூட்டர் வரைபடத்தை வைத்து முப்பரிமாண அச்சில் ஒரு உருவம் எடுப்பார்கள். அளவும் தோற்றமும் பார்க்க மட்டும்தான் அது, ஓடாது. பிறகு எஃகு அச்சு வெட்டி, அதிலிருந்து வரும் முதல் வார்ப்பு. அன்றைக்கு இயந்திரத்தில் என்ன நிறப் பிளாஸ்டிக் இருந்ததோ அந்த நிறத்தில் இருக்கும். கூரை சாம்பல், உடல் நீலம், அடிப்பகுதி கறுப்பு என்று கலந்திருப்பதும் சகஜம். அடுத்து மோட்டாரும் பற்சக்கரமும் பொருத்திய பொறியியல் சாம்பிள். தொழிலில் ஈ.பி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இதை ஓட்டிப் பார்த்து, எங்கே தட்டுகிறது, எந்தக் கைப்பிடி தடிமன் என்று குறித்து அச்சைத் திருத்துவார்கள். கடைசியாக வண்ணமும் எழுத்தும் போட்ட சாம்பிள். இது பார்க்க விற்பனைப் பொருள் போலவே இருக்கும், ஆனால் எழுத்தில் பிழை, நிறத்தில் சிறு வேறுபாடு இருக்கலாம்.

வாங்குகிறவருக்கு இந்தப் படிநிலைகள் முக்கியம். முதல் வார்ப்பை வாங்கிவிட்டு "ஓடவில்லை" என்று வருந்தக் கூடாது, அது ஓடவே செய்யப்படவில்லை. ஈ.பி. ஓடலாம், ஆனால் எடைக்கட்டி இல்லாமல் இருக்கலாம், கம்பிகள் கையால் பற்றவைத்திருக்கும், சக்கர இடைவெளி சரியாக இருக்கும் என்று உறுதியில்லை. உதிரிபாகம் கிடைக்காது. அச்சு திருத்தப்பட்ட பிறகு வந்த விற்பனை மாடலின் பாகம் அதில் பொருந்தாமல் போவதும் உண்டு.

பித்தளை மாடல்களில் இது இன்னும் சுவையான விஷயம். ஜப்பானிலும் கொரியாவிலும் கையால் செய்த பித்தளை எஞ்சின்களுக்கு, இறக்குமதியாளர் பார்த்துச் சம்மதிக்க ஒரு பைலட் மாடல் முதலில் வரும். வண்ணம் பூசாமல், சில நேரம் திருத்தக் குறிப்புகளோடு. அந்தக் குறிப்புத் தாளும் சேர்ந்து வந்தால் அதுதான் பெரிய சொத்து.

போலி முன்மாதிரியை எப்படிக் கண்டுபிடிப்பது?

சாதாரண மாடலின் பெயிண்டைக் கரைத்துவிட்டு "சாம்பிள்" என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். கதவு மூலை, ஆணி வரிசை, கூரை விளிம்பு ஆகிய இடங்களைப் பெரிதாக்கிப் படம் கேளுங்கள். கரைத்த பெயிண்ட் அந்த இடுக்குகளில்தான் தங்கும். பக்கவாட்டில் ஒளியைச் சாய்த்துப் பார்த்தால் முன்பு அச்சிட்ட எழுத்தின் சுவடு சில நேரம் தெரியும். உண்மையான முதல் வார்ப்பில் பிளாஸ்டிக் தன் சொந்த மினுமினுப்போடு இருக்கும்.

அடுத்து, விற்பனைக்கு வந்த மாடலின் படத்தைப் பக்கத்தில் வையுங்கள். நிஜச் சாம்பிளில் பிற்பாடு திருத்தப்பட்ட ஏதாவது ஒரு வேறுபாடு பெரும்பாலும் இருக்கும். ஜன்னல் சட்டம், படிக்கட்டு, திருகு துளை என்று எங்காவது. எதிலுமே மாறுதல் இல்லாமல் பெயிண்ட் மட்டும் இல்லையென்றால் யோசிக்க வேண்டும். முப்பரிமாண அச்சில் வந்தது என்றால் மேற்பரப்பில் நுண்ணிய அடுக்குக் கோடுகள் இருக்கும். அது மட்டும் போதாது. இன்றைக்கு நம் வீட்டிலேயே அப்படி அச்சடிக்கலாம்.

இதையெல்லாம்விட உறுதியான சான்று காகிதம். யாருடைய திவால், லிக்விடேட்டர் யார், லாட் எண் என்ன, பில் யார் பெயரில் என்பதைப் பத்திரமாக வையுங்கள். இன்னொன்றும் இருக்கிறது. சாம்பிள் அதை வைத்திருந்த தொழிற்சாலைக்குச் சொந்தமா, ஆர்டர் கொடுத்த கம்பெனிக்குச் சொந்தமா என்ற தகராறு வரலாம். லிக்விடேட்டர் முறைப்படி விற்றதாக இருந்தால் உங்கள் உரிமை பலமானது. யாரோ தொழிற்சாலையிலிருந்து பையில் போட்டுக்கொண்டு வந்த சாம்பிளுக்கு அந்தப் பலம் இல்லை. அதைத் தொடாதீர்கள்.

எவ்வளவு வரை கேட்கலாம்? ஏலம் முடிந்த விலையோடு கணக்கு முடிந்துவிடுமா?

முடியாது. இங்கேதான் பலர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம்.

இங்கிலாந்தில் ஒரு லாட் 100 பவுண்டுக்கு உங்களுக்கு விழுகிறது. ஏல நிறுவனத்தின் வாங்குவோர் கமிஷன் 25 சதவீதம் என்றால் 25 பவுண்டு. அந்தக் கமிஷன் மேல் 20 சதவீத வாட், 5 பவுண்டு. மூடப்பட்டது வாட் பதிவு செய்த வியாபாரம் என்றால் பொருளின் விலைக்கும் வாட் வரும், இன்னும் 20. ஆக 150. தபால், பேக்கிங் 30 என்று வைத்தால் 180. நம் சுங்கத்தில் பொம்மை வகைக்கு 70 சதவீத வரி என்றால் 126 சேர்ந்து 306. அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. என்று வைத்தால் 361. நூறு என்று நினைத்தது காட்பாடி வீட்டு வாசலுக்கு வரும்போது மூன்றரை மடங்குக்கு மேல். ஆன்லைன் ஏலத் தளத்தின் கட்டணம், கார்டு மாற்றுச் செலவு இதில் சேரவே இல்லை.

அதனால் கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். இந்தப் பொருள் என் மேசைக்கு வந்து சேர அதிகபட்சம் எவ்வளவு கொடுப்பேன் என்று ரூபாயில் முடிவு செய்து, அதை 3.6-ஆல் வகுத்தால் வருவதுதான் உங்கள் ஏலத்தொகை. வெளிநாட்டுக்கு நேரடியாக அனுப்பினால் வாட்டைக் கழிப்பார்களா என்று ஏல நிறுவனத்திடம் முன்பே எழுதிக் கேளுங்கள். சிலர் கழிப்பார்கள், பலர் வெளிநாட்டுக்கு அனுப்புவதே இல்லை. "வாங்கியவரே மூன்று நாளில் வந்து எடுத்துச்செல்ல வேண்டும்" என்று ஒரு வரி நிபந்தனைகளின் அடியில் ஒளிந்திருக்கும். காட்பாடியிலிருந்து யார் போவது?

சுங்கத்தில் என்ன சிக்கல் வரும்?

மூன்று விஷயம்.

ஒன்று, வரி. மாதிரி ரயில்கள் சுங்கப் பட்டியலில் 9503 என்ற பொம்மைத் தலைப்பில்தான் வருகின்றன. அளவு குறைத்த மாதிரிகளும் அந்தத் தலைப்பில் அடக்கம். அடிப்படைச் சுங்க வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-ல் 70 ஆகவும் உயர்த்தப்பட்டது. வாங்கும் நாளில் என்ன விகிதம் என்று பார்த்துக்கொள்ளுங்கள், பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறக்கூடியது.

இரண்டு, தரக் கட்டுப்பாட்டு ஆணை. 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பெரியவர்களுக்கான அளவு மாதிரி என்பது டப்பாவிலும் பில்லிலும் தெளிவாக இருக்க வேண்டும். பில்லில் வெறுமனே "டாய் டிரெயின்" என்று எழுதி அனுப்பச் சொல்லாதீர்கள். சேகரிப்பாளர்களுக்கான அளவு மாதிரி, என்ன விகிதம், எத்தனை வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று எழுதச் சொல்லுங்கள். அப்படி எழுதினாலும் அதிகாரி ஏற்பது அவர் முடிவு.

மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. நம் வெளிநாட்டு வர்த்தகக் கொள்கைப்படி, இயந்திரம் போன்ற மூலதனப் பொருள் அல்லாத பழைய பொருள்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது, அதற்கு அனுமதி தேவை. பயன்படுத்திய ரயில்களைப் பெட்டி பெட்டியாக வரவழைக்க நினைப்பவர்கள், பணம் கட்டும் முன் சென்னையில் ஒரு சுங்கத் தரகரிடம் பேசிவிடுங்கள். பார்சல் நின்றுபோன பிறகு பேசினால் சேமிப்புக் கட்டணம் தினமும் ஏறிக்கொண்டே போகும்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையிலிருந்து தோல் வியாபாரத்துக்காக இத்தாலி, ஜெர்மனி போகிறவர்களிடம் சொல்லி வரவழைக்கலாமா?

நம் மாவட்டங்களுக்கு இது ஒரு வசதிதான். ஏலத்தில் எடுத்ததை அங்குள்ள தெரிந்தவர் முகவரியில் சேர்த்து வைத்து, யாராவது வரும்போது கொண்டுவரச் சொல்கிறவர்கள் உண்டு. கொண்டுவருகிறவர் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, வரியில்லாமல் கொண்டுவரும் வரம்பைத் தாண்டினால் விமான நிலையத்தில் சொல்லி வரி கட்ட வேண்டும். மறைத்துக் கொண்டுவரச் சொல்லி ஒருவரைச் சிக்கலில் மாட்டிவிடாதீர்கள், அவர் அடுத்த மாதமும் அதே வழியாகத்தான் போய்வர வேண்டும். அப்புறம், எஞ்சின் கனமான உலோகம். எக்ஸ்ரேயில் பார்த்துத் திறக்கச் சொல்வார்கள். கைப்பையிலேயே, எளிதில் எடுத்துக் காட்டும்படி வைப்பது நல்லது.

இந்தியாவிலேயே இப்படி ஏலம் நடப்பதில்லையா?

நடக்கிறது, ஆனால் மாதிரி ரயிலுக்கென்றே வருவது மிக அபூர்வம். 2016-ஆம் ஆண்டின் திவால் சட்டத்தின் கீழ் கலைக்கப்படும் கம்பெனிகளின் சொத்து இப்போது பாங்க்நெட் தளத்தில் ஏலத்துக்கு வருகிறது. பொம்மை இறக்குமதி செய்தவர், வணிக வளாக விளையாட்டுக்கூடம் நடத்தியவர் போன்றவர்களின் கையிருப்பில் ரயிலும் கலந்திருக்கலாம். பெரும்பாலும் மொத்த லாட்டாகத்தான் விற்பார்கள். முன்வைப்புத் தொகை கட்ட வேண்டும், அது குறைந்தபட்ச விலையில் 10 சதவீதத்தைத் தாண்டாது. "எங்கே உள்ளதோ அங்கே, எப்படி உள்ளதோ அப்படியே" என்ற நிபந்தனை எல்லா அறிவிப்பிலும் இருக்கும், அதை வார்த்தைக்கு வார்த்தை நம்புங்கள். இதில் ஒரே ஆறுதல், நேரில் போய்ப் பார்க்கலாம். சுங்கச் சிக்கலும் இல்லை.

எந்த அளவு வாங்கினால் என் தண்டவாளத்தில் ஓடும்?

16.5 மில்லிமீட்டர் தண்டவாளம் வைத்திருந்தால் எச்.ஓ., ஓ.ஓ. இரண்டும் ஓடும். எச்.ஓ. என்பது நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு, பிரிட்டிஷ் அளவான ஓ.ஓ. 76-ல் ஒரு பங்கு. இரண்டையும் ஒரே ரயிலில் கோத்தால் பிரிட்டிஷ் பெட்டி துருத்திக்கொண்டு தெரியும். 'என்' (N) என்ற அளவுக்கு 9 மில்லிமீட்டர், 'ஓ' (O) அளவுக்கு 32, எல்.ஜி.பி. போன்ற தோட்ட ரயிலுக்கு 45.

மெர்க்லின் விஷயத்தில்தான் கவனம் தேவை. அளவு எச்.ஓ.தான், ஆனால் நடுவில் மூன்றாவது தொடுபுள்ளி வரிசை உள்ள முறை. அதன் சக்கரங்கள் ஒன்றோடொன்று மின்சாரம் கடத்தும். சாதாரண இரண்டு கம்பித் தண்டவாளத்தில் வைத்தால் ஷார்ட் ஆகும். ஹார்ன்பி டப்லோவும் 1959-க்கு முன்பு மூன்று தண்டவாளம்தான். பழைய லீமா, ரிவரோசி சக்கரங்களின் விளிம்பு ஆழமானது. உயரம் குறைந்த தண்டவாளத்தில் கட்டையைத் தட்டிக்கொண்டு ஓடும்.

அமெரிக்க லாட்டில் டிரான்ஸ்ஃபார்மர் வந்தால் அதை நம் பிளக்கில் செருகாதீர்கள். அது 120 வோல்ட்டுக்கானது, நம்முடையது 230.

நம்ம ஊர் ரயிலைச் செய்ய ஆசை. ஏலத்தில் என்ன தேடலாம்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. நம் டபிள்யூ.டி.எம். 2 டீசல் எஞ்சின் அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனி வடிவம். அதன் போகியில் (எஞ்சினைத் தாங்கும் சக்கரச் சட்டத்தில்) மூன்று சக்கர அச்சுகளும் சம இடைவெளியில் இருக்காது. காட்பாடி நடைமேடையில் நின்று பார்த்தவர்களுக்கு அது நன்றாகவே தெரியும். அரக்கோணம் ஷெட்டில் இருந்த டபிள்யூ.ஏ.ஜி. 5 மின்சார எஞ்சினிலும் அதே பாணிப் போகிதான். அமெரிக்க ஆல்கோ ஆர்.எஸ்.டி. 4, 5 எஞ்சின்களில் இந்தப் போகி உண்டு. அட்லஸ் கம்பெனி அவற்றை எச்.ஓ.வில் வெளியிட்டது. உடல் உடைந்து, மலிவாக வரும் அப்படியொரு எஞ்சின் நமக்குத் தங்கம். மோட்டாரும் போகியும் போதும். நீளத்தை அளந்து சட்டத்தைத் திருத்தி, உடலை நாமே முப்பரிமாண அச்சில் செய்துகொள்ளலாம். மேலே சொன்ன விலைக் கணக்கும் இங்கேதான் கைகொடுக்கும். டப்பா இல்லாத, உடல் நொறுங்கிய எஞ்சினுக்குச் சேகரிப்பாளர் யாரும் போட்டி போட மாட்டார்.

காட்பாடியிலிருந்து வேலூர் கன்டோன்மென்ட், திருவண்ணாமலை வழியாக விழுப்புரம் போன மீட்டர்கேஜ் பாதையை மறக்காதவர்கள் 12 மில்லிமீட்டர் தண்டவாளத்துக்குப் போகலாம். எச்.ஓ. அளவில் மீட்டர்கேஜுக்கு அதுதான் வழக்கம். சுவிட்சர்லாந்து மலை ரயில்களைச் செய்யும் பீமோ கம்பெனியின் பழைய சட்டங்களை ஏலங்களில் தேடுங்கள். அகலப்பாதையில் துல்லியம் பார்க்கிறவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. நம் 1676 மில்லிமீட்டர் பாதை எச்.ஓ.வில் 19 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வர வேண்டும். பெரும்பாலோர் 16.5-லேயே ஓட்டுகிறார்கள், நானும் அதைத்தான் சிபாரிசு செய்வேன்.

படத்தை மட்டும் பார்த்து வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் உலோகம். எஞ்சினின் சட்டமும் எடைக்கட்டியும் துத்தநாகக் கலப்பு உலோகத்தில் வார்க்கப்படுகின்றன. வார்க்கும்போது அதில் ஈயம் கலந்துவிட்டால், வருடங்கள் போகப் போக உள்ளிருந்து அரித்து, வீங்கி, வெடித்து, கடைசியில் கையில் பொடியாகும். துத்தநாக நோய் என்று சேகரிப்பாளர்கள் சொல்வது இதைத்தான். போருக்கு முந்தைய பொம்மை ரயில்களில் மட்டும்தான் வரும் என்று நினைக்காதீர்கள், இந்த நூற்றாண்டில் செய்த சில மாடல்களிலும் வந்திருக்கிறது. மருந்து கிடையாது. சூடும் ஈரமும் அதை வேகப்படுத்தும், நம் ஊரில் இரண்டுக்கும் பஞ்சமில்லை.

படத்தில் இதைப் பிடிக்க வழி இருக்கிறது. எஞ்சினின் அடிப்பக்கம் வாழைப்பழம் போல் வளைந்திருக்கிறதா, உடலின் நடுப்பகுதி வெளியே தள்ளியிருக்கிறதா, முனைகளில் மயிரிழை வெடிப்பு தெரிகிறதா என்று பாருங்கள். உடல் சட்டத்தில் சரியாக உட்காராமல் ஒரு பக்கம் தூக்கியிருந்தால், உள்ளே சட்டம் வீங்கியிருக்க வாய்ப்பு அதிகம். அடிப்பக்கப் படம் கேட்டும் தரவில்லையென்றால் நான் விலகிவிடுவேன்.

அடுத்தது பற்சக்கரம். லைஃப் லைக் கம்பெனியின் புரோட்டோ 2000 எஞ்சின்களில் சக்கர அச்சில் மாட்டிய பிளாஸ்டிக் பற்சக்கரம் பிளந்துபோவது பிரசித்தம். ஓடும்போது டிக் டிக் என்று சத்தம் வரும். மாற்றுப் பற்சக்கரம் கிடைப்பதால் இதைப் பழுது என்று சொல்லி விலையைக் குறைத்துக் கேட்க மட்டும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். சக்கரத்தின் ரப்பர் வளையம் நைந்திருப்பதும், எண்ணெய் கோந்தாக இறுகியிருப்பதும் சின்ன விஷயங்கள். டிஜிட்டல் டீகோடர் (டிஜிட்டல் கட்டளைப்படி எஞ்சினை ஓட்டும் சின்ன மின்னணுப் பலகை) இருக்கிறது என்ற வாக்குறுதிக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

நேரில் பார்க்க முடிந்தால் ஒரு 9 வோல்ட் பேட்டரியும் இரண்டு துண்டு கம்பியும் சட்டைப் பையில் இருக்கட்டும். சாதாரண டி.சி. எஞ்சினின் இரண்டு பக்கச் சக்கரங்களிலும் தொட்டால் உயிர் இருக்கிறதா என்று அந்த நிமிடமே தெரிந்துவிடும்.

ஏலம் நடக்கும் நேரத்தில் கரண்ட் போய்விட்டால்?

உச்சத்தொகையை முன்கூட்டியே பதிவு செய்துவிட்டு எழுந்து போய்விடுங்கள். இங்கிலாந்தில் காலை 10 மணி ஏலம் நமக்குக் கோடையில் பிற்பகல் 2:30, குளிர்காலத்தில் 3:30. அமெரிக்கக் கிழக்குக் கரையில் என்றால் மாலை 7:30 அல்லது இரவு 8:30. உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தால் இன்னும் ஐந்து பவுண்டு, இன்னும் பத்து பவுண்டு என்று கை தானாகப் போகும். அந்த ஐந்து இங்கே வந்து சேரும்போது எவ்வளவு என்று மேலே பார்த்தோம்.

முன்மாதிரியை வாங்கினால் அதைப் பார்த்து நகல் செய்து விற்கலாமா?

கூடாது. உங்களுக்குக் கிடைத்தது அந்த ஒரு பொருள் மட்டும். வடிவ உரிமை, அச்சு, பிராண்ட் பெயர் எல்லாம் தனித்தனியாக வேறு யாருக்கோ விற்கப்பட்டிருக்கும்.

வருங்காலத்தில் விலை ஏறுமா? முதலீடாக வாங்கலாமா?

முதலீடாக வேண்டாம். ஒரு கம்பெனி மறைந்துவிட்டது, அதன் மாடல் இனி வராது என்று நம்பி அதிக விலை கொடுப்பவர்கள் உண்டு. அச்சு எங்கே போனது என்பதுதான் கேள்வி. இங்கிலாந்தின் ஏர்ஃபிக்ஸ் 1981-ல் நொடித்த பிறகு அதன் ரயில் அச்சுகள் டேபோல் என்ற கம்பெனியின் கைக்குப் போய், அங்கிருந்து ஹார்ன்பிக்குப் போய், அதே வண்டிகள் மறுபடி கடைக்கு வந்தன. லீமா அச்சுகளும் அப்படித்தான். மறுவெளியீடு வந்ததும் பழையதின் விலை இறங்கும்.

விற்பனைக்கே வராமல் கைவிடப்பட்ட மாடலின் சாம்பிளுக்கு மட்டும் கதை வேறு. அதற்கு மாற்று இல்லை. ஆனால் அதை வாங்க ஆர்வமுள்ளவர்கள் உலகம் முழுக்கச் சேர்த்தாலும் சிலர்தான், அவர்களில் யாரும் வேலூரில் இருக்கப் போவதில்லை. பார்த்துக்கொண்டே இருக்கப் பிடித்தால் வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்ததும் என்ன செய்ய வேண்டும்?

உடனே கரண்ட் கொடுக்காதீர்கள். உடலைக் கழற்றி, பழைய எண்ணெயைத் துடைத்து, சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பார்த்து, இறுக்கம் இல்லையென்றால் சொட்டு எண்ணெய் விட்டு, குறைந்த வோல்டேஜில் தொடங்குங்கள். வேலூர் சாரதி மாளிகைப் பக்கம் மின்னணுக் கடைகளில் கிடைக்கும் 12 வோல்ட் அடாப்டரும் வேகக் கட்டுப்பாட்டுப் பலகையும் சோதனைக்குப் போதும். ஆனால் இரும்பு உள்ளகம் இல்லாத நுண் மோட்டார்களை மின்சாரத்தை விட்டுவிட்டுக் கொடுக்கும் அந்த மலிவான துடிப்புமுறைப் பலகையில் நெடுநேரம் ஓட்டினால் சூடாகிக் கெடும்.

பழைய டப்பாவுக்குள் இருக்கும் ஸ்பாஞ்சை எடுத்துவிடுங்கள். அது வருடக்கணக்கில் பிசுபிசுத்துப் பெயிண்டில் ஒட்டிக்கொள்ளும். குமிழி பிளாஸ்டிக்கையும் நேரடியாகச் சுற்றக் கூடாது, நம் சித்திரை வெயிலில் அதன் வட்டங்கள் பெயிண்டில் பதிந்துவிடும். அமிலம் இல்லாத மெல்லிய தாள், சிலிக்கா ஜெல் பொட்டலம், சாப்பாட்டு அறை அலமாரியின் கீழ்த்தட்டு. மொட்டைமாடிக்கு அடியில் இருக்கும் பரண் வேண்டவே வேண்டாம்.

வண்ணம் பூசாத சாம்பிள் கிடைத்தால் நானே பெயிண்ட் அடிக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். ஓட்டுவதற்கு வேறு எஞ்சின் வாங்குங்கள். அந்த நிறம் கலந்த பிளாஸ்டிக்கில் ஒரு வடிவமைப்பாளர் எங்கே தடுமாறினார், எதைத் திருத்தினார் என்பது அப்படியே இருக்கிறது. பெயிண்ட் அடித்த அன்றே அது போய்விடும். ஒட்டியிருக்கும் டேப்பில் சீன மொழியில் ஏதாவது கிறுக்கியிருந்தால் அதையும் பிய்க்காதீர்கள். நாலு பக்கமும், அடிப்பக்கமும், உள்ளேயும் படம் எடுத்து, லாட் எண்ணையும் பில்லின் நகலையும் அதே டப்பாவில் போட்டு வையுங்கள். படங்களின் இன்னொரு பிரதியை அதே மாடலைச் சேகரிக்கும் யாருக்காவது அனுப்பி வையுங்கள்.